படுத்திருப்பவரின் கண்மட்டம்

ஜூலை. மதிய ஓய்வுக்கு ஆட்கள்
நிழல் தேடிப் போன பிறகு
டைல்ஸ் பெட்டிகளைக் கட்டில் உயரத்துக்கு அடுக்கி
மேலே அட்டை விரித்து மல்லாந்தேன்,
நான்காம் வார்டில் ஏழாம் கட்டில் வரவேண்டிய இடத்தில்.

பாதுகாப்பு அதிகாரி ரோமெல் ஓடிவந்தார்,
கையில் உப்புச்சர்க்கரைக் கரைசல்.
"மேடம், மயக்கமா?"
"இல்லை. பார்க்கிறேன்."
"என்ன தெரிகிறது?"
"அதுதான் பிரச்சினை."

வரைபடத்தில் ஜன்னலின் அடிமட்டம்
தொள்ளாயிரம் மில்லிமீட்டர்.
நிற்பவருக்கு அது இடுப்பு.
படுத்தவருக்கு
வெளுத்த வானத்தில் ஒரு துண்டு,
அதில் பக்கத்து மனையின் கிரேன் கை.

மரம் பதினோரு மீட்டர் தள்ளி நிற்கிறது.
தாளில் அது ஒரு சிவப்பு வட்டம்,
குறுக்கே கோடு: நீக்குக.
ராஸ் அல் கைமாவில் காஃப் என்கிறார்கள்.
தாவரப் பெயரைத் தேடிப் போய்
அலுவலகத்தில் ஒரு மாலை தனியே சிரித்தேன்.
வன்னி.
தீக்கு நாம் வைத்த பெயர்களில் ஒன்றை
இந்த வெயிலில் சுமந்துகொண்டு
யாரும் தண்ணீர் ஊற்றாமல் நிற்கிறது,
ஒட்டகத்தின் வாய் எட்டிய உயரம் வரை
அடிக்கிளைகள் அளவெடுத்து வெட்டினாற்போல்.

அதற்காக நடைவழியை ஒன்றரை மீட்டர் நகர்த்தினேன்.
சுலபம். கோடுதானே.

ஜன்னல் கடினம்.
மேற்கு வெயில், கூடுதல் கண்ணாடி,
ஏசிக்கு எத்தனை டன், எத்தனை திர்ஹாம்
என்று கேட்டது கூட்டம்.
விளம்பர ஏட்டில் ஏற்கெனவே
"இயற்கையின் மடியில் நலம்" அச்சாகிவிட்டது.
வரவேற்பறைக்குப் பசுஞ்சுவர் உண்டு, பிளாஸ்டிக்.
இலைகளைத் தூசி துடைக்க ஓர் ஆளும் உண்டு.
வாசலில் நீரூற்று.
பிறகென்ன?

அங்கே சொல்லாததை இங்கே சொல்கிறேன்.
துபாய் தேய்ராவில் என் முதல் இரண்டு வருடம்
ஓர் அறையை ஐந்தாக்கிய ஜிப்சம் தடுப்புக்குள்.
ஜன்னல் ரெஜினாவின் பாகத்தில் இருந்தது.
அதற்கு அவள் மாதம் நூறு திர்ஹாம் அதிகம் கொடுத்தாள்.
வெள்ளிக்கிழமைகளில் திரையை விலக்கிக் கூப்பிடுவாள்,
வா, பத்து திர்ஹாமுக்குப் பார்த்துக்கொள் என்று.
விளையாட்டுக்குத்தான்.
ஒரு தடவை கொடுத்தேன்.
எதிர்க் கட்டடத்தின் ஏசி வரிசை.
ஒன்றின் மேல் கம்பித் துண்டுகளால்
கூடு கட்டிக்கொண்டிருந்த புறா.
அரைமணி நேரம் நின்றேன்.

இன்ஜினியர் ஹுமைத் களத்துக்கு வந்த அன்று
கணக்கு எதுவும் பேசவில்லை.
பெட்டிகளைக் காட்டினேன்.
வெள்ளைக் கந்தூரா.
ரோமெல் புது அட்டை கொண்டுவந்து விரித்தார்.
செருப்பைக் கழற்றிவிட்டு
தலைத்துணி கலையாமல் ஒரு கையால் பிடித்தபடி
படுத்தார்.
வெகுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு, கூரையைப் பார்த்தே சொன்னார்:
"ஒரு சீலிங் பலகையில் எத்தனை துளை என்று
கடைசி நாட்களில் என் தந்தைக்குத் தெரியும்."

நானூற்று ஐம்பது.
நீரூற்றை வெட்டி அந்தப் பணத்தில்
ஜன்னலுக்கு வெளியே நிழல் சட்டங்கள்.

திறந்து எட்டு மாதம் கழித்துப் போனேன்.
கட்டில்கள் திரும்பியிருந்தன.
ஆக்சிஜன் குழாய்ப் பலகை
எப்படியோ ஜன்னல் பக்கத்துச் சுவருக்கு வந்திருந்தது.
வேறொருவர் வரைந்தது,
நான் கையொப்பமிட்டது.
எல்லாத் தலைமாடும் மரத்தின் பக்கம்,
எல்லாக் கண்ணும் டிவியின் பக்கம்.

ஏழாம் கட்டிலில் குல் ஜமான், டிரெய்லர் டிரைவர்,
முதுகெலும்பில் இரண்டு ஆணி.
டிரிப் ஸ்டாண்டில் சவரக் கண்ணாடியைக்
கட்டுத்துணியால் கட்டியிருந்தார்.
"பின்னால் வருவதை இப்படிப் பார்த்துத்தானே
முப்பது வருடம் ஓட்டினேன்."
உள்ளங்கை அகலத்தில்
இடம் வலம் மாறி, வன்னி.
காற்று வந்தபோது அதன் ஒரு கிளை
கண்ணாடியை விட்டு வெளியே போய்த் திரும்பியது.

பையிலிருந்து டேப்பை எடுத்தேன்.
"கட்டிலைத் தொடாதே," என்றார்.
"இன்று காலைதான் சரியாக வந்திருக்கிறது."